உள்தாள் ஒட்டிய அட்டை

2005-இல் கொடுத்த ரேஷன் அட்டைக்கு ஆயுள் 2009 வரைதான். புது அட்டை வரவில்லை. வருஷா வருஷம் உள்தாள் ஒட்டி ஒட்டியே, 2017-இல் ஸ்மார்ட் கார்டு வரும்வரை காலம் தள்ளினோம். ஓரம் பிய்ந்து, மண்ணெண்ணெய் வாடை ஏறிப்போன அந்தப் பழைய அட்டையைத்தான் இப்போது மனம் தேடுகிறது.

அட்டை போனால் போதும், பொருள் வரும். அப்பத்தாவுக்கு மேலுக்கு முடியாத மாதங்களில் எதிர்வீட்டுப் பையன் எங்கள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பான். எடை போடுபவர், "ஏன்டா, ஆத்தாவுக்கு என்ன செய்யுது?" என்று விசாரித்துக்கொண்டே அரிசியைக் கொட்டுவார். எங்கள் வீட்டுக் கணக்கு அந்தக் கடைப் பதிவேட்டில் இருந்தது. தெருவுக்குத் தெரிந்ததற்கு மேல் அதில் எதுவும் இல்லை. போலி அட்டைகள் இருந்தன, எடையிலும் அடித்தார்கள். மறுக்கவில்லை. ஆனால் எடையில் அடிப்பதைப் பிறகு வந்த கைரேகைக் கருவி எப்படித் தடுக்கும்?

2020 அக்டோபரில், 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தோடு நம் கடைகளுக்கு ரேகைக் கருவி வந்தது. பிழைக்கப் போன ஊரிலேயே அரிசி வாங்கலாம் என்பது நல்ல ஏற்பாடுதான். அப்பத்தா எந்த ஊருக்கும் போகவில்லை. களை பறித்து, பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்த விரல்கள் அவருடையவை. கட்டை விரலை முந்தானையில் துடைத்து வைத்தார். விழவில்லை. ஆள்காட்டி விரல், மறு கை, திரும்பவும் கட்டை விரல். "என்னைய உனக்குத் தெரியாதாய்யா?" என்றார். எடை போடுபவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பில் போட முடியவில்லை.

கருவி ரேகையை ஒப்பிட்டுப் பார்ப்பது ஆதாரோடுதான். அந்த ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில்தான், 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அன்று எத்தனை நம்பிக்கை! அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஐவர் அமர்வு ஆதாரைப் பற்றியே தீர்ப்புச் சொன்னது. வங்கிக் கணக்குக்கும் செல்பேசிக்கும் ஆதார் கட்டாயமில்லை; மானியத்துக்கும் நலத்திட்டங்களுக்கும் கேட்கலாம். நீதிபதி சந்திரசூட் ஒருவர்தான் மாறுபட்டார். வங்கியில் பணம் போட்டு வைத்திருப்பவருக்கு விலக்குக் கிடைத்தது, அரிசிக்கு நிற்பவர் விரலை நீட்டியே ஆகவேண்டும். இந்த வித்தியாசம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோர் வீட்டுக்கே பொருள் வருகிறது. அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் ரேகை அழிய எழுபது வயது ஆகவேண்டுமென்பதில்லை. சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் கை வைப்பவருக்கு நாற்பதிலேயே அழிந்துவிடும். பழைய அட்டை இனி வராது. கருவி கைவிரிக்கும் நாளில், தெரிந்த முகத்தை நம்பி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருள் கொடுக்கிற அதிகாரத்தையாவது அந்த எடை போடுபவருக்கு அரசு திருப்பித் தரட்டும்.