மழைக்காலத்து மைதானம்

பிழைப்பை நாடி வெளியூர் வந்தோரின் பிள்ளைகளோடு ஒரு சுமையும் கூடவே பிறந்துவிடுகிறது. அவர்களுள் ஒருவன் தவறினால், தவறியவனின் பெயரை எவரும் சொல்வதில்லை. ‘மதராஸிப் பையன்’ என்றுதான் சொல்வார்கள். இந்தச் சுமையின் கனத்தை நாங்கள் அறிந்தது வகுப்பறையில் அன்று. கல்கத்தா மைதானத்துச் சேற்றில், 1975ஆம் ஆண்டின் கால்பந்துப் பருவத்தில்.

கல்லூரி அணியில் தமிழர் நாங்கள் நால்வர். லேக் மார்க்கெட்டைச் சுற்றியே எங்கள் வீடுகள் இருந்தன. எஞ்சியோர் அனைவரும் வங்காளிகள். விடியற்காலையில் டிராம் ஏறி எஸ்பிளனேடில் இறங்குவோம். பயிற்சி முடிந்ததும் மண்குவளையில் தேநீர் அருந்திவிட்டு, சேறு காயாத கால்களோடு வீடு திரும்புவோம். “படிக்க அனுப்பினால் உழவுக்குப் போய் வருகிறாயா?” என்று வாசலிலேயே வரவேற்பு கிடைக்கும்.

அந்நகரில் கால்பந்து மழையோடு வளரும் ஆட்டம். தோற்பந்து நீரைக் குடித்துக் கல்லாய்க் கனக்கும். அதைத் தலையால் முட்டியவனுக்கு மாலைவரை நெற்றி வலிக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் எங்கள் அணித்தலைவர் ஒரே கதையைச் சொல்லுவார். 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைக்கொண்ட கதை அது. கேட்டுக் கேட்டு அது எங்கள் பாட்டன்மாரின் கதையாகவே ஆகிவிட்டது.

எங்களுக்கென்று வேறொரு பெருமையும் இருந்தது. அது கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ். 1955லும் 1958லும் டூராண்ட் கோப்பையை வென்ற மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் ஆடியவர். 1962இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என வென்று இந்தியா ஆசியத் தங்கம் பெற்றபோது கோலில் நின்றவர். கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடியவர். அவர் பிறந்தது ஹைதராபாத்தில். எனினும் பெயரிலேயே தமிழ் ஒலித்தமையால் அவரை எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கருதினோம். எங்கள் நால்வரில் ஒருவன் கோல் காப்பாளனாக நின்றபோது, வங்காள நண்பர்கள் அவனைத் ‘தங்கராஜ்’ என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரால் நாங்கள் மூவரும் அவனைக் காட்டிலும் அதிகமாகப் பூரித்தோம்.

முதல் மூன்று ஆட்டங்களிலும் வென்றோம். அவன் ஒரு கோலும் விடவில்லை. அரையிறுதி ஆகஸ்டு மாதத்தின் கொட்டும் மழையில் நடந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, எதிரணியினன் தொலைவிலிருந்து மெல்ல ஒரு பந்தை உதைத்தான். குழந்தையும் பிடித்துவிடும் என்று தோன்றிய பந்து. கையுறையற்ற அவன் விரல்களில் பட்டு, வழுக்கி, கால்களுக்கிடையே நழுவிக் கோட்டைக் கடந்தது. தோற்றோம்.

வங்காள நண்பர்கள் வாய் திறக்கவில்லை. இருவர் அவன் தோளைத் தட்டிச் சென்றனர். பேசியவர்கள் நாங்கள் மூவர்தாம். “நம் மானத்தையே வாங்கிவிட்டாயே! இனி இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?” என்றோம். திரும்பும் டிராமில் அவன் அமர்ந்த இருக்கையை விட்டு விலகி நின்றுகொண்டோம். மறுநாள் முதல் அவன் பயிற்சிக்கு வரவில்லை. நாங்களும் அழைக்கவில்லை. அவனோடு சேர்ந்து காணப்படுவதே குற்றத்தில் பங்கு கொள்வதாக எங்களுக்குப் பட்டது.

செப்டம்பர் 30ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்ற கணக்கில் மோகன் பகானை வீழ்த்தியது. நகரில் பாதி கொண்டாடியது. பாதி உண்ணாமல் படுத்தது. எங்கள் தலைவர் மோகன் பகான் பக்தர். மறுநாள் மாலை வீங்கிய கண்களோடு எங்களிடம் வந்து, “வாருங்கள், அவன் வீட்டுக்குப் போவோம்” என்றார். மறுக்க இயலாமல் பின்தொடர்ந்தோம்.

அவன் தாயார் கொடுத்த காப்பியை, “நன்றாயிருக்கிறது, மாசிமா” என்று சொல்லிப் பருகியபின், அவனிடம் வங்காளியில் பேசினார்: “நேற்று எங்கள் கோலைக் காத்தவனுக்கும் ஏறக்குறைய உன் வயதுதான். நான்கு கோல் விழுந்ததும் அவனை வெளியே அழைத்துவிட்டார்கள். இரவெல்லாம் நானும் அவனைத் திட்டினேன். விடிந்தபின் உன் நினைவு வந்தது. உன்னை யாரடா வெளியே அழைத்தார்கள்? நான் அழைக்கவில்லையே?”

அவன் விடை கூறவில்லை. ஒரு கணம் எங்களைப் பார்த்தான். அந்தப் பார்வையை ஏற்க மாட்டாமல் நாங்கள் மூவரும் தரையைப் பார்த்தோம்.

பூஜை விடுமுறை கழிந்து, பழைய மாணவர்களுடன் நடந்த ஆட்டத்தில் அவன் மீண்டும் கோலில் நின்றான். இரண்டு கோல்கள் விட்டான், ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அத்துடன் அப்பருவம் முடிந்தது. அந்த 5-0 ஆட்டத்தில் நான்கு கோல் விட்ட இளைஞர் பாஸ்கர் கங்குலி, பின்னாளில் அதே ஈஸ்ட் பெங்காலின் கோலைக் காத்தார். 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்கே தலைவரானார். அச்செய்தியைப் படித்தபோது எங்கள் நண்பனைத்தான் நினைத்தோம். அவன் படிப்பை முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். கடிதங்களில் குடும்ப நலம் விசாரித்தோம். அந்த டிராம் பயணத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.

ஊரார் பழிப்பார்களோ என்று அஞ்சி, ஊரார் பழிக்கும் முன்பே நம்மவனை நாமே பழித்தோம். இன்றும் நம் வீடுகளில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம், “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்று கேட்கும் குரல் எழும்போதெல்லாம் அந்த ஈர டிராம் எங்கள் கண்முன் வருகிறது. அன்று அந்த நாலு பேர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவர்தாம் வீடு தேடி வந்து அவனை மீட்டார்.

இம்மலர் பல ஊர்களுக்கும் செல்வது. எங்கேனும் ஒரு வீட்டில் அவன் இதைப் படிப்பானாயின், அன்று அவனருகே அமராதுபோன மூவரும், காலம் கடந்தேனும், அவனிடம் மன்னிப்பு வேண்டுகிறோம்.