அவளே வேண்டாம் என்றாள்

எங்கள் கொங்கு நாட்டுக் குடியானவரை ஏமாற்றுவது லேசான காரியம் அன்று. சித்திரை மாதத்தில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வந்து பார்த்தால் இது விளங்கும். காங்கேயம் காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். பிறகு துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்தே தரகரோடு விலையைப் பேசி முடிப்பார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு விவரமும் தெரியாது. இத்தனை சாமர்த்தியசாலியையும் ஏமாற்றக்கூடிய ஆசாமி ஒருவர் உண்டு. அவர் வெளியூர்க்காரர் அல்லர், அந்தக் குடியானவரேதான்!

தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் கலை உலகத்துக்கெல்லாம் பொதுவானது. ஆனால் ஆணும் பெண்ணும் அதை ஒரே மாதிரி பயில்வதில்லை. இதைக் கண்ணால் காண விரும்புவோர் ஏதேனும் ஒரு பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அங்கே விடுதலைப் பத்திரம் என்று ஒன்று பதிவாகும். விடுதலை என்ற சொல்லுக்கு நமது தேசத்தில் எவ்வளவோ உன்னதமான பொருள் உண்டு. இங்கே அதன் பொருள், பிறந்த வீட்டுச் சொத்தில் தனக்குள்ள பாகத்தைப் பெண் சகோதரனுக்கு விட்டுக்கொடுப்பது என்பதுதான். பிறர் தூண்டுதல் இன்றி மனப்பூர்வமாகச் செய்வதாகவும் அதில் எழுதியிருக்கும்.

சட்டத்தில் குறையில்லை. 1929-ம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தது. அறுபது வருஷம் கழித்து, 1989-ல், தமிழ்நாடு அரசாங்கம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைச் சட்டமாக்கியது. அதற்கு முன் மணமாகிவிட்ட பெண்களுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. 2005-ல் மத்திய சட்டம் அந்த வேலியையும் எடுத்துவிட்டது. மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயினும் 2015-16-ம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்கள் பெயரில் நடக்கும் சாகுபடிப் பண்ணைகள் நூற்றுக்குச் சுமார் 14 தான். சட்டம் கொடுத்ததை எடுத்துக்கொண்டது யார்? கேட்டுப் பாருங்கள், "யாரும் எடுக்கவில்லை, அவளே வேண்டாம் என்றாள்" என்ற விடைதான் வரும்.

இந்த விடையைச் சொல்லுகிற அண்ணன் பொய்யர் அல்லர் என்பதுதான் இதில் அதிசயம். அவர் அதை மெய்யாகவே நம்புகிறார். தங்கைக்குப் போட்ட நகை, கல்யாணச் செலவு, குழந்தைகளுக்குக் காது குத்தியபோது செய்த தாய்மாமன் சீர், வருஷந்தோறும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அனுப்பியது எல்லாம் அவருக்கு மனப்பாடம். தம்முடைய படிப்புக்கு ஆன செலவு மட்டும் அந்தக் கணக்கில் வராது. கரூர் ரஸ்தாவில் நூல் மில்களும் விசைத்தறிகளும் வந்தபின் நிலத்தின் விலை எங்கே போயிற்று என்பதும் வராது. இதே மனிதர் தம் மனைவியின் பிறந்த வீட்டில் பாகப் பிரிவினை என்று கேள்விப்பட்டால், 2005-ம் வருஷத்துச் சட்டத்தை வக்கீலுக்கே எடுத்துச் சொல்வார்!

தங்கையின் சங்கதி வேறு. "அண்ணன் நன்றாக இருந்தால் போதும், எனக்கென்ன குறை?" என்கிறாள். அதிலும் பொய் இல்லை. ஆனால் அந்த அன்புக்கு அடியில் ஒரு பயம் ஒளிந்திருக்கிறது. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ, நாளை புருஷன் வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் போய் நிற்க இடம் இராதோ என்ற பயம். பயத்தைப் பயம் என்று ஒப்புக்கொள்வதைவிட, அன்பு என்று பெயரிட்டுக்கொள்வது மனத்துக்குச் சுகமாக இருக்கிறது. அண்ணன் தன்னை ஏமாற்றிக்கொள்வது ஆதாயத்தை அனுபவிப்பதற்கு. தங்கை தன்னை ஏமாற்றிக்கொள்வது நஷ்டத்தைத் தாங்குவதற்கு.

இந்த ஏமாற்றத்துக்கு வேண்டிய பட்டாடைகளை நெய்து கொடுப்பது நம்முடைய பண்பாடு. கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்ற சடங்கில் மாப்பிள்ளையின் சகோதரிக்கே பெருமை. அண்ணன்மார் கதையிலோ, போரில் மாண்ட பொன்னரையும் சங்கரையும் தேடிப் படுகளத்துக்குச் செல்பவள் தங்கை. இவ்வளவு உயர்ந்த பாசத்தின் முன்னால் ஏக்கர் கணக்குப் பேசுவது அற்பத்தனமாகத் தோன்றாதா? தோன்றத்தான் செய்யும். ஆனால் அற்பத்தனம் என்ற கூச்சம் கேட்கிறவளுக்கு மட்டும் ஏன்? வைத்துக்கொள்கிறவருக்கு ஏன் இல்லை?

இது இயற்கை என்று சொல்வதற்கும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தமிழர்களிடையே வீடும் காணியும் சீதனமாகப் பெண்ணுக்கே போவது நெடுநாள் வழக்கம். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், மருமக்கள்தாயக் குடும்பங்களில் சொத்து தாய்வழியே இறங்கியது. 1976-ல்தான் சட்டம் அந்த ஏற்பாட்டுக்கு முடிவு கட்டியது. எங்கள் ஊர் அண்ணன் அந்த நாளில் கணவாய்க்கு அப்பால் பிறந்திருந்தால், சகோதரியின் சந்ததிக்குச் சொத்துப் போவதே தர்மம் என்று சத்தியம் செய்திருப்பார்.

சில வருஷங்களுக்கு முன் எனக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில், பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட என்னை அழைத்திருந்தார்கள். மூத்த சகோதரி பேசாமல் கையெழுத்திட்டாள். இளையவள் பேனாவை வாங்கிக்கொண்டு, "ஏனுங்கண்ணா, இன்னைக்கு வித்தா இது என்ன விலைக்குப் போகுமுங்க?" என்று கேட்டாள்.

"விக்கறதாவே இல்லை, அம்மிணி" என்றார் அண்ணன்.

"விக்க வேண்டாமுங்க. எவ்வளவைக் குடுக்கறேன்னு தெரிஞ்சு குடுக்கலாமுன்னுதான் கேட்டேன்."

அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணனால் தொகையைச் சொல்ல முடியவில்லை. பதிவு அன்றைக்கு நடக்கவில்லை. மூன்று மாதம் பேச்சுவார்த்தையும் இல்லை. பொங்கல் சீரோடு அவர் மறுபடி தங்கை வீட்டுக்குப் போனபோது, கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் இரண்டு சகோதரிகளுக்கும் சரிபாதியாக எழுதிய பத்திரம் கையில் இருந்தது. மொத்தப் பங்குக்கு அது ஈடாகாது. அவர் மனைவிக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஆனால் என்னிடம் அவர் சொன்னது மறக்கத் தக்கதன்று: "அவள் கேட்கிற வரைக்கும் நானே எனக்குள்ளே விலை போட்டுப் பார்த்ததில்லை."

இந்த வியாதிக்கு மருந்து அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. விட்டுக்கொடுப்பது பெருந்தன்மைதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பது தானம் ஆகாது. கேட்க முடியாதவளிடம் பெற்றுக்கொள்வது பரிசும் ஆகாது. ஆகவே அண்ணன்மார்கள் முதலில் விலையைச் சொல்லட்டும். "இது உன் பங்கு, எடுத்துக்கொண்டாலும் என் வீடு உன் வீடுதான்" என்று நாலு பேர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லட்டும். அதன் பிறகும் அவள் வேண்டாம் என்றால், அந்தச் சொல்லைத் தாராளமாக நம்பலாம்.

மாட்டு விலையை வேண்டுமானால் துண்டுக்குள்ளே பேசிக்கொள்ளுங்கள். உடன்பிறந்தாள் பங்கை வெளிச்சத்தில் பேசுங்கள்.