"நிச்சயமாவாடா?"

வாத்தியார் சீட்டாட ஆரம்பித்துவிட்டாரா என்று போனில் கேட்கிறீர்கள். ஆமாம். காசு கிடையாது, புளியங்கொட்டைதான்.

கற்றுக்கொடுத்தது என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். ஒரகடம் சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. பெயர் போடவில்லை. எழுதட்டுமா என்று அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பி ஷிப்ட் வாரங்களில் காலையில் வருவான், டீ குடிப்பான், சீட்டைக் கலைப்பான்.

ஆட்டத்தின் பெயர் போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். நல்ல சீட்டை யாரும் ஆடுவார்கள், மட்டமானதைக் கவிழ்த்துவிடலாம். இரண்டும் இல்லாத நடுத்தரக் கையில்தான் உயிர் போகிறது.

போன செவ்வாய்க்கிழமை என் கையில் ஒரு 10, ஒரு 9. நடுவில் கிளாவர் ராஜா, டைமண்ட் 10, கிளாவர் 4. எனக்குப் பத்தில் ஜோடி. அவனிடம் ராஜா இருந்தால் நான் காலி. நடுவில் 20 கொட்டை இருந்தது. அவன் 10 போட்டான், நானும் போட்டேன். அடுத்து ஆட்டின் 6. அவன் 20, நானும் 20. கடைசியாக இஸ்பேட் 2. இப்போது நடுவில் 80. பையன் அசையாமல் இன்னொரு 80 கொட்டையைத் தள்ளி வைத்தான்.

எனக்கு ரோஷம் வந்தது, ஏற்றி அடிக்கலாமா என்று. ஆனால் முதல் வாரமே சொல்லியிருந்தான்: "நடுத்தரக் கையில ஏத்தாதீங்க சார். ஏத்தினா உங்களைவிட மட்டமான சீட்டெல்லாம் ஓடிடும், பெரிய சீட்டு மட்டும்தான் நிக்கும். ஈடு கட்டுங்க, இல்ல கவுத்துடுங்க."

சரி, கணக்கு. நான் 80 போட்டால் கிடைக்கக்கூடியது 160. இரண்டு முறை தோற்று ஒரு முறை ஜெயித்தால் சரிக்குச் சரி. மூன்றில் ஒரு முறைக்கு மேல் அவன் வெறுமனே மிரட்டுகிறான் என்றால் ஈடு கட்டலாம். ஆறாம் வகுப்புப் பின்னம்தான். எதை வைத்து மிரட்டுவான்? இரண்டு கிளாவர் வைத்துக்கொண்டு இன்னொரு கிளாவருக்குக் காத்திருந்திருக்கலாம். ராணியும் ஜாக்கியும் வைத்துக்கொண்டு வரிசைக்குக் காத்திருந்திருக்கலாம். இரண்டுமே வரவில்லை. ஈடு கட்ட வேண்டிய இடம் என்று கணக்கு சொல்லியது. அவன் முகத்தைப் பார்த்தேன், கவிழ்த்துவிட்டேன்.

அவன் தன் சீட்டைத் திருப்பினான். ராணி, ஜாக்கி. ஒன்றுமே இல்லை!

சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், கிளாஸ்ல நீங்க எங்களுக்குப் பண்ணதுதானே இது. 3/4 பெரிசா, 5/7 பெரிசான்னு கேட்டீங்க. 3/4ன்னேன். பிரம்பால மேசையைத் தட்டி 'நிச்சயமாவாடா?'ன்னீங்க. 5/7ன்னு மாத்திட்டேன். கிளாஸே சிரிச்சுது."

எனக்கு அந்த நாள் நினைவில் இல்லை. கேள்வி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, தினமும் கேட்டதாயிற்றே. நன்றாகத் தெரிந்தவன் அதற்கு அசையமாட்டான். ஒன்றும் தெரியாதவனுக்கு நஷ்டமில்லை. பாதி தெரிந்து, சரியாகவும் சொன்ன பையன்தான் கவிழ்ந்திருப்பான். என் கையில் சீட்டே இல்லாமல் எத்தனை பேரைக் கவிழ்த்தேனோ.

பிறகுதான் மற்றதைச் சொன்னான். செல்போன் ஆப்பில் போக்கர் ஆடி ஒன்றே முக்கால் லட்சம் போயிருக்கிறது. "எவனாவது பெரிசா போட்டா என்னை மிரட்டுறான்னு தோணும் சார். இனிமே யாருக்கும் மாத்த மாட்டேன்னு விடாம ஈடு கட்டுவேன். சின்னத் தொகை மேசையில கடைசிச் சீட்டுக்குப் பெரிசா போடுறவன்கிட்ட பெரும்பாலும் நிஜமாவே சீட்டு இருக்கும்னு ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுது."

ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்து 2022இல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அந்தப் பட்டியலை நீக்கியது. 2025 தொடக்கத்தில் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று மாநில அரசு விதி போட்டது. அந்த ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து ஆன்லைன் பண ஆட்டத்தையே தடை செய்தது. திறமை ஆட்டம்தான், நானே இப்போது ஒப்புக்கொள்வேன். ஆனால் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து இரவு இரண்டு மணிக்கு ஆடுகிறவனிடம் அந்தத் திறமை எவ்வளவு மிச்சம் இருக்கும்?

கடன் இன்னும் பாதி பாக்கி. போன மாதம்தான் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் இரண்டு நாள் பேசவில்லையாம், மூன்றாம் நாள் சம்பளக் கார்டை வாங்கி வைத்துக்கொண்டாளாம். நல்ல பெண்.

அவன் கிளம்பும்போது, "3/4தான்டா பெரிசு" என்றேன். "தெரியும் சார், அப்பவே தெரியும்" என்றான்.

இந்த வாரம் அவனுக்கு ஏ ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். 200 கொட்டையில் ஆரம்பித்தேன், இப்போது என்னிடம் 46. அதற்குள், என் "நிச்சயமாவாடா?"வுக்குப் பயந்து சரியான விடையை மாற்றியவர்கள் இன்னும் யார் யார் என்று கீழே எழுதுங்கள். எந்தக் கணக்கு என்றும் சொல்லுங்கள்.