திருத்தப்பட்ட குரல்

பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் சிறப்புப் பட்டத்திற்குப் பயின்ற நாளில், தனியாய்வுக்கென நாம் தெரிந்தெடுத்த பொருள், மட்டக்களப்பு வடமோடிக் கூத்துப் பாடல்களைக் கணினியிற் பதிந்து ஆராய்தல். வழிகாட்ட இசையாசிரியர் எவருமிலர். இரவல் ஒலிவாங்கி ஒன்றே துணை.

முதிய அண்ணாவியார் ஒருவர் மூன்று மாலைகள் எமக்காகப் பாடினார். அப்பதிவைச் சுருதி திருத்தும் மென்பொருளில் இட்டோம். 1997இல் சந்தைக்கு வந்த 'ஓட்டோ டியூன்' வகையைச் சேர்ந்தது அது. திரையில் அவரது குரல் கோடுகளுக்கிடையே அலைந்தது. பிழையென்றெண்ணி, ஒவ்வொரு சுரத்தையும் அருகிலிருந்த கோட்டிற்கு இழுத்து நிறுத்தினோம். பெருமையோடு அவருக்குப் போட்டுக் காட்டினோம்.

கேட்டு முடித்தவர், "நல்லாத்தான் இரிக்கு மனே. ஆனா இது நானில்ல" என்றார்.

அச்சொல் எம்மை நூலகத்துக்கு அனுப்பியது. அக்கோடுகள் இயற்கை வகுத்தவையல்ல. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம கூறாக்கிய மேனாட்டுப் பியானோவின் ஏற்பாடு. ஒவ்வொரு கூறும் 100 'சென்ட்' அளவு. 5:4 என்னும் இயல்பான விகிதத்தில் அமையும் அந்தரகாந்தாரமோ ஏறத்தாழ 386 சென்ட். கருவி அதனை 400க்கு உயர்த்திவிடும். சுர விகிதங்களைக் கணித்தாராய்ந்த யாழ்நூலைக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இலேயே தந்திருந்தார். தமிழ் மாணவராகிய நாம் அதனைப் புரட்டியும் பார்த்திருக்கவில்லை.

திருத்தங்களை நீக்கி, அலையும் கோட்டையே ஆய்வேட்டிற் பதித்தோம்.

இன்று மாணவரின் ஊர்ப்பேச்சின்மீது எமது சிவப்பு மை விழப்போகும் வேளைகளில் அக்குரல் கேட்கிறது. பிழையென்று சொல்லுமுன், அளவுகோல் யாருடையதென்று கேட்டுக்கொள்கிறோம்.