பச்சை நிறத் தீயணைப்பு ஊர்திகள்

தீயணைப்பு ஊர்தி என்றவுடன் செந்நிறமே கண்முன் தோன்றும். பிரித்தானியாவிலோ, பழைய ஊர்திகளின் கண்காட்சிகளில் பச்சை நிற ஊர்திகள் சில இன்றும் நீரைப் பீய்ச்சிக் காட்டுகின்றன. ‘கிரீன் காடஸ்’ என்பது மக்கள் அவற்றுக்கு இட்ட செல்லப்பெயர். ‘பச்சைத் தேவதை’ என்பது அதன் பொருள்.

இவ்வூர்திகளின் கதை தன்னார்வலர்களிடமிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போர் நெருங்கிய வேளையில், 1938ஆம் ஆண்டு துணைத் தீயணைப்புப் படை அங்கு அமைக்கப்பட்டது. பல தொழில் புரிந்த பொதுமக்கள் அதில் சேர்ந்தனர். போர்முனைக்கு அஞ்சி ஒளிந்தவர்கள் எனச் சிலர் அவர்களை ஏளனம் செய்தனர். 1940 செப்டம்பரில் இலண்டன்மீது குண்டுமழை பொழிந்தது. எரியும் தெருக்களில் இரவு முழுதும் நீர்க்குழாயைப் பற்றி நின்றவர்களுள் அவர்களும் இருந்தனர். ஏளனம் அடங்கியது.

போருக்குப்பின், 1949இல் அப்படை மீண்டும் அமைக்கப்பட்டது. அணுகுண்டுத் தாக்குதலால் நகரங்களில் பெருந்தீ மூண்டால் அதனை அணைப்பதற்கென்றே, 1950களில் பெட்ஃபோர்டு ஊர்திகள் பச்சை வண்ணத்தில் உருவாக்கப்பட்டன. அஞ்சிய போர் வரவில்லை. 1968இல் படை கலைக்கப்பட்டது. ஊர்திகள் கிடங்குகளை அடைந்தன.

எனினும் அவற்றைப் பழுதின்றிப் பேணும் பணி நிற்கவில்லை. அதன் பயன் 1977இல் விளங்கியது. ஊதிய உயர்வு கோரித் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இராணுவத்தினர் இவ்வூர்திகளைக் கொண்டே தீயணைத்தனர். 2002ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திலும் இவையே மீண்டும் சாலைக்கு வந்தன.

பின்னர் அரசு இவற்றை விற்றது. சில ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்றன. சிலவற்றை ஆர்வலர்கள் வாங்கினர். இவர்களின் பணி எளிதன்று. குளிர்காலத்தில் நீரேற்றியில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். தவறினால் நீர் உறைந்து விரிந்து இரும்பையே பிளந்துவிடும். ஈரமான துணிக்குழாய்களை உலர்த்தாவிடில் அவை மட்கிப்போகும். தயாரிப்பு நின்றுபோன உதிரிப்பாகங்களைத் தேடி அலையவும் வேண்டும். செலவு அவர்களுடையது, ஊதியமோ இல்லை.

வண்ணம் பூசிக் கூடத்தில் நிறுத்தினாலும் ஊர்தி அழியாமல் இருக்கும். ஆனால், அதனை இயக்கும் பயிற்சி அழிந்துவிடும். ஆகவேதான் மூத்தவர்கள் குளக்கரையில் ஊர்தியை நிறுத்தி, நீரை உறிஞ்சி ஏற்றும் முறையை இளையோருக்குக் கற்பிக்கின்றனர். தன்னார்வலர்களுக்கென உருவான ஊர்தி, தன்னார்வலர்களின் கைகளிலேயே மீண்டும் இயங்குகிறது.