வருமுன் உணர்த்தும் ஒலி

1846ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் நாள் பொஸ்ரன் நகரிலே ஈதர் தந்த உறக்கம் சத்திரசிகிச்சையின் கொடுநோவை அகற்றிற்று. ஆயினும், மயக்கமருந்து குருதிக்குழாய்களைத் தளர்த்தலாற் குருதியமுக்கம் சடுதியிற் தாழ்வதுண்டு. அது நீடிப்பின் மூளையும் இதயமும் சிறுநீரகமும் ஊறுபடும்.

என் தமையனார் முதுமையிற் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமானபோது எம் குடும்பத்தாரை வருத்திய அச்சமும் இதுவே. மயக்கமருந்து வைத்தியராய் விளங்கும் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் தேற்றி விளக்கினார்.

மயக்குமுன் கழியொலிக் கருவியை மேல்வயிற்றில் வைத்துக் கீழ்ப்பெருநாளத்தை நோக்குவர். மூச்சை உள்ளிழுக்கையில் அந்நாளம் சுருங்கும். சுருக்கம் நூற்றுக்கு 43ஐக் கடந்தோர்க்கு அமுக்கம் தாழும் வாய்ப்பு மிகுதியென 2016இல் வெளிவந்த ஆய்வொன்று கண்டது. அத்தகையோர்க்கு முன்னரே நாளவழி நீரேற்றலாம். மருந்தளவையும் தக்கவாறு குறைக்கலாம். சிலரிடத்து நாளம் தெளிவுறத் தோன்றாது. ஆதலின் கருவி வைத்தியரின் மதிக்குத் துணையேயன்றி மாற்றன்று.

துயில்வோர் தம் இடரைச் சொல்லார். அவர் துயிலுமுன் அதனைக் கேட்டறியும் கல்வி போற்றற்குரியது.