சுட்டிப் பெயர் கூறாத துயரம்

பிரதீக் குஹாட்டின் ‘கோல்ட்/மெஸ்’ 2018இல் வெளிவந்தது. ஆறு ஆங்கிலப் பாடல்கள் மட்டுமே கொண்ட சிறு தொகுப்பு அது. குஹாட் ஜெய்ப்பூர்க்காரர். நியூயார்க்கில் படித்தபின் தில்லியில் குடியேறி இசையைத் தொழிலாகக் கொண்டவர். 2019 டிசம்பரில், அவ்வாண்டில் தமக்குப் பிடித்த பாடல்களின் பட்டியலில் பராக் ஒபாமா இதன் தலைப்புப் பாடலைச் சேர்த்தார். அதற்குப் பின்னரே இசையுலகுக்கு வெளியிலும் பலர் இத்தொகுப்பைத் தேடினர். தில்லியின் இளைய தலைமுறைக்கோ அது முன்பே மனப்பாடமாகியிருந்தது.

இத்தொகுப்பு குறித்து இருவகைத் தீர்ப்புகள் உண்டு. ஒரே குரல், ஒரே கிட்டார், ஒரே சோகம் என்பர் ஒரு சாரார். வசதியான நகர இளைஞனின் துயரம் இது. யார், எங்கே, ஏன் என்ற விவரம் ஏதுமின்றி மங்கிக் கிடக்கிறது என்பது அவர்தம் குறை. மறு சாராரோ ‘இது என் கதை’ என்கின்றனர். இரு தரப்பும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினும், இரண்டும் சுட்டுவது ஒரே பண்பைத்தான்.

இத்தகைய வழக்கு இசை வரலாற்றுக்குப் புதிதன்று. அமெரிக்காவின் ‘எமோ’ இசை 1980களின் நடுவில் வாஷிங்டனில் உருவானபோது அப்பெயரே ஏளனமாக ஒலித்தது. பல குழுக்கள் அதை ஏற்க மறுத்தன. வீசர் குழுவின் ‘பிங்கர்ட்டன்’ 1996இல் வந்தபோது, ரோலிங் ஸ்டோன் இதழின் வாசகர்கள் அதை அவ்வாண்டின் மிக மோசமான தொகுப்புகளுள் ஒன்றாகத் தேர்ந்தனர். 2004இல் அதே இதழ் அதற்கு முழு ஐந்து நட்சத்திரங்கள் அளித்தது. பாடல்கள் மாறவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவற்றைத் தம் வாழ்வோடு சேர்த்துக் கேட்ட இளைஞர்களே தீர்ப்பை மாற்றினர். குஹாட்டின் மென்மையான இசையை எமோ என வகைப்படுத்த இயலாது. ஆயினும் அது பெற்ற வரவேற்பு அவ்வகையினது.

‘மங்கிக் கிடக்கிறது’ என்னும் குறையை மொழியியல் நோக்கில் காண்பது பயன்தரும். இந்தியில் முன்னிலையை ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என மூன்றாகப் பிரித்தே அழைக்க வேண்டும். வினைவடிவம் பல இடங்களில் பேசுபவரின் பாலையும் காட்டிவிடும். தமிழில் தன்மையும் முன்னிலையும் பால் காட்டுவதில்லை. ஆனால் ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்ற தேர்வு தவிர்க்க முடியாதது. நேற்றுவரை ‘நீ’ என்றழைத்தவர் இன்று ‘நீங்கள்’ என்றால், பிரிவு அந்த ஒரு சொல்லிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘யூ’ பால், வயது, மரியாதை எதையும் வெளியிடாத வெற்றிடம். குஹாட்டின் பாடல்கள் அவ்வெற்றிடத்தை நிரப்பாமல் விட்டுவைக்கின்றன. தமிழகத்திலிருந்து தில்லிக்கு வந்து, இந்தி நாவில் பழகாமல் தவிக்கும் மாணவரும், தம் காதலின் பாலை வெளியே சொல்ல இயலாதவரும் அதற்குள் நுழைய முடிகிறது.

வேறொரு வேறுபாடும் உண்டு. 2011இல் ‘கொலவெறி’ புகழ்பெறச் செய்த ‘சூப் பாடல்’ மரபில் பெரும்பாலும் ஆண் ஏமாந்தவன், பெண் ஏமாற்றியவள். ‘கோல்ட்/மெஸ்’ஸில் குற்றவாளி இல்லை. சேர்ந்திருக்கவும் விலகவும் இயலாத இருவர் மட்டுமே உள்ளனர். பழி சுமத்தாத இத்துயரம் இளையோருக்கு ஆறுதல் தருவதில் வியப்பில்லை.

பெயரின்மையின் ஆற்றலைத் தமிழ் மரபு நன்கறியும். அன்பின் ஐந்திணையில் எவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. நெடுநல்வாடையில் வேப்பந்தார் என்னும் ஓர் அடையாளம் பாண்டியனைக் காட்டிவிடுவதால் நச்சினார்க்கினியர் அதைப் புறம் என்றார். அகத்தில் பெயர் வந்தால் துயரம் ஒருவருக்கு மட்டும் உரியதாகிவிடும். பெயர் நீங்கினால் அது கேட்பவர் அனைவருக்கும் உரியது. அவ்வகையில் குஹாட்டின் பாடல்களில் ‘யார்’ என்பது தெரியாதிருப்பது குறையன்று.

ஆனால் அகப்பாடல் பெயரை நீக்கியதே தவிர நிலத்தை நீக்கவில்லை. வெந்த மணலும் வற்றிய சுனையும் இன்றிப் பாலைத்திணையின் பிரிவு இல்லை. குஹாட்டின் ஆங்கிலப் பாடல்களிலோ தில்லியின் ஜனவரிப் பனிமூட்டமோ, மே மாத வெப்பக்காற்றோ, கடைசி மெட்ரோவோ தடம் பதிக்கவில்லை. எந்த நகரத்திலும் பொருந்தும் துயரம் எந்த நகரத்தையும் நினைவில் நிறுத்துவதில்லை. விமர்சகர்களின் அதிருப்தியில் நியாயமான பகுதி இதுவே. அவர்கள் ‘யார்’ என்று கேட்டதற்குப் பதிலாக ‘எங்கே’ என்று மட்டும் கேட்டிருக்கலாம்.

ரசிகரின் கண்ணீரை முதிர்ச்சியின்மை எனத் தள்ளுவது எளிது. அக்கண்ணீரே தரத்திற்குச் சான்று என்பது அதைவிட எளிது. ஒரு பாடல் எதைச் சொல்லாமல் விட்டது, அவ்வெற்றிடத்தில் எவரெவர் குடியேறினர், அதற்கு விலையாக எது இழக்கப்பட்டது என்று பிரித்துக் காண்பதே திறனாய்வின் வேலை. விடுதி அறைகளில் செவிப்பொறியுடன் அமர்ந்திருக்கும் இளையோர் முதலிரு வினாக்களுக்கு எப்போதோ விடை தந்துவிட்டனர். மூன்றாவது வினாவே ஆய்வுலகின் பொறுப்பு.